ஐந்து ஹெச்.பி. போதும், சாமி

சாமி, உன் இன்லண்டு கடிதம் திங்கட்கிழமை வந்தது. நாக்பூர் லாரி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, தை பிறந்ததும் ஊருக்கே வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். எட்டு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் கடைசி நாலு வரியைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வந்தவுடன் பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பத்து ஹெச்.பி. வாங்கிவிடலாம், ஐந்து நம் கிணற்றுக்குத் தாங்காது, அது எரிந்ததைப் பார்த்தவன் நான் என்று எழுதியிருக்கிறாய். மோட்டார் போட ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம், நான் ஸ்டார்டர் பக்கம் போகமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். பதில் எழுத நாலு நாளாக உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். முழங்கால் வலி ஒரு பக்கம், கண் மங்கல் ஒரு பக்கம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்ல வேண்டியது பெரியது என்பதுதான் உண்மை. முதலில் மோட்டாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொன்னால்தான் மற்றதும் புரியும்.

அம்மாவுக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துவிடாதே. உன் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் இருபது நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்தால் இரண்டு நாள் தூங்குவார். கரும்பு அதுவரை காத்திருக்காது. கிணற்றில் மோட்டார் இறங்கிய நாளிலிருந்து அதைப் போட்டவளும் நிறுத்தியவளும் பெரும்பாலும் நான்தான். தண்ணீருக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வில் குப்பை அடைத்தால் எடுப்பது, பம்பில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது, லைன்மேன் வீட்டு வாசலில் போய் நிற்பது எல்லாம் என் தலையில்தான். உன்னைப் பெற்று வளர்த்ததைவிட அந்த மோட்டாரோடு மல்லுக்கட்டிய நேரம் அதிகம் என்று விளையாட்டாகச் சொல்வேன். இப்போது விளையாட்டாகச் சொல்லவும் தெம்பில்லை.

நம் கம்பத்திலிருந்து மூன்று வயர் வருகிறது இல்லையா, மூன்றிலும் கரண்ட் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. ஒன்றில் ஏறும்போது இன்னொன்றில் இறங்கும், மூன்றாவது நடுவில் இருக்கும். மாரியம்மன் நோன்புக்குக் கையால் தள்ளுகிற ராட்டினம் வருமே, அதைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டு, தன் பக்கம் வரும்போது ஆளுக்கு ஒரு தள்ளுத் தள்ளுவார்கள். மோட்டாரின் வெளிக்கூட்டில் இருக்கும் சுருள்களும் அப்படித்தான். மூன்று கூட்டமாக நின்று முறைவைத்துக் காந்தமாகின்றன. அதனால் அந்தக் காந்தம் கூட்டுக்குள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது. நடுவில் இருக்கும் உருளைக்கு ஒரு வயரும் கொடுப்பதில்லை. அது அந்தக் காந்தத்தின் பின்னாலேயே ஓடுகிறது, ஒருநாளும் எட்டிப் பிடிப்பதில்லை. அதனால்தான் காந்தம் நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்றுச் சுற்றினால் தகட்டில் ஆயிரத்து நானூற்று நாற்பது என்று போட்டிருக்கும். தலைகீழாகச் சுற்றினால் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கட்டினால் போதும், சரியாகிவிடும்.

இனி நீ மனதில் வைக்க வேண்டியது ஒன்று. அந்த மூன்று வயரையும் மூன்று பேஸ் என்பார்கள், நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு மூன்றும் இருந்தால்தான் கிளம்பத் தெரியும். ஒன்று இல்லையென்றால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்குத் தெரியாது. உறுமிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கண்டன்சர் மாட்டி இரண்டு பேஸில் கிளப்புகிறவர்கள் ஊரில் உண்டு, நம்மிடம் அது என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு பேஸ் போனால் அது நிற்காது. ஓடுகிற வேகத்தில் மற்ற இரண்டை வைத்துக்கொண்டு ஓடும். மூன்று பேர் தள்ள வேண்டியதை இரண்டு பேர் தள்ளுவதால் சுருள் சூடாகும், கூட்டில் கை வைக்க முடியாது, பிறகு எரியும். அதைத் தடுக்கத்தான் ஸ்டார்டருக்குள் ரிலே இருக்கிறது. அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் தட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தும். இதை இரண்டு தரம் படி, சாமி. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

மோட்டார் வாங்கப் போகிறவன் முதலில் கடைக்குப் போகக்கூடாது, கிணற்றுக்குப் போக வேண்டும். சித்திரையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் இறைத்தால் புட்வால்வு தெரிகிறது, மறுநாள் காலையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் கிணறு அறுபதடி. கோடையில் ஐந்து ஹெச்.பி. நாலு மணி நேரம் ஓடினால் வற்றிவிடும். பத்துப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் வற்றும், தண்ணீர் அதே தண்ணீர்தான். மேற்குத் தோட்டத்துக்காரர் வீம்புக்கு ஏழரை வாங்கி, பாத்தி திருப்பி முடிப்பதற்குள் கிணறு காலியாகி, கிணற்று மேட்டில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீயே பார்த்திருக்கிறாய். ஊறுகிற தண்ணீருக்குத் தகுந்த மோட்டார் என்பதை மட்டும் பிடித்துக்கொள், ஊராருக்குத் தகுந்த மோட்டார் வேண்டாம்.

பிறகு லைனைப் பார். டிரான்ஸ்பார்மரிலிருந்து நாம்தான் கடைசி, நமக்கு வருவதற்குள் வோல்ட் இளைத்துவிடுகிறது. எந்த மோட்டாரும் கிளம்பும்போது ஓடுவதற்கு இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பெரிய மோட்டாரை அந்த இளைத்த கரண்டில் கிளப்பினால் அதுவும் திணறும், பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் திணறும். கடைக்குப் போனால் பெயிண்டைப் பார்க்காதே, தகட்டைப் படி. ஹெச்.பி. எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, சுற்று எவ்வளவு, பம்பு கேட்கிற சுற்றும் இதுவும் ஒன்றுதானா என்று பார். ஐந்து என்று தகடு அடித்து உள்ளே ஏழரையை வைத்து விற்கிறவர்களும் உண்டு, அதையும் கரண்ட் ஆபீஸை ஏமாற்றும் கெட்டிக்காரத்தனம் என்று வாங்குகிறவர்களும் உண்டு. ஓடவிட்டு ஆம்பியர் மீட்டர் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சுருளுக்குத் தாமிரக் கம்பிதானா, பேரிங் நாமக்கல்லிலேயே கிடைக்குமா என்று கேள். ரிலேயைத் தகட்டில் உள்ள ஆம்பியருக்குத் திருப்பி வை. அதன்பிறகு அது தட்டினால் தட்டட்டும். அதன்மேல் கோபப்படாதே. நான் கோபப்பட்டேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த சித்திரை அது. உனக்கு இருபது வயது. தினமும் சைக்கிளில் நாமக்கல் போய் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாய். அன்று எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மூன்று பேஸும் வருகிறதா என்று பார்ப்பதற்காக மோட்டார் ரூமில் பேஸுக்கு ஒன்றாக மூன்று பல்பு போட்டிருந்தோம், ஒன்று எரியவில்லை. நீ மோட்டாரைப் போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சமையல்கட்டுப் பக்கம் வந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அம்மா, ஒரு பல்பு எரியலீங்க. பல்புதான் போயிருச்சாட்ட இருக்குது. மோட்டாரு எடுத்துக்கிச்சு. நான் போயிட்டு வாரேன்."

"செரி சாமி, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். பத்து மணிக்கு ரிலே தட்டியது. கரும்புக் கடைசியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கு நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தினேன். திரும்பி வருவதற்குள் மறுபடி தட்டியது. வோல்ட் குறைந்தால் மோட்டார் ஆம்பியரைக் கூட இழுக்கும், ரிலே தட்டும், அது அதன் வேலை. அன்று எனக்கு அது வீம்பு பிடிப்பதாகத் தெரிந்தது. ஆறு தரமோ ஏழு தரமோ நடந்தேன். காலையிலிருந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசித் தரம் போனபோது கதவோரம் கிடந்த வேப்பங்குச்சியை எடுத்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தி, அதன்மேல் குச்சியை வைத்து, பெட்டியைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டேன். இனி ரிலே தலைகீழாக நின்றாலும் மோட்டார் நிற்காது. ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். செய்கிறவர்களை நான் வாய் நிறையத் திட்டியிருக்கிறேன்.

பதினொன்றரைக்கு மோட்டாரின் சத்தம் மாறியது. கேட்டேன். கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், சாமி, நன்றாகக் கேட்டது. ஓர் உறுமல், தொண்டை கட்டினவன் பேசுவதுபோல. தண்ணீரும் குறைந்து வந்தது. இந்த ஒரு பாத்தி நிறைந்துவிடட்டும், போய்ப் பார்க்கலாம் என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். மறுபடி நடக்கக் காலில் தெம்பில்லை. வார்னீஷ் எரிகிற நாற்றம் வந்த பிறகுதான் ஓடினேன். கிணற்றுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்தேன். குச்சியைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தேன். அது எரிந்து முடிந்த பிறகுதான் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைக் கூப்பிட்டேன். டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸுக்கு பீஸ் போயிருந்ததாம், மதியம் லைன்மேன் வந்து போட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு உன் அப்பா லாரியில் வந்து இறங்கினார். பதினெட்டு நாள் கழித்து வந்த மனுஷன். கிணற்று மேட்டில் நாலு பேர் நின்றதைப் பார்த்து நேராக அங்கேதான் போனார். நீயும் அப்போதுதான் சைக்கிளில் வந்து சேர்ந்தாய்.

"ஆருடா மோட்டார் போட்டது?"

"நாந்தானுங்கப்பா."

"லைட்டப் பாத்தியா?"

"ஒண்ணு எரியலீங்கப்பா. பல்புதான் போயிருச்சாட்ட இருக்குதுன்னு போட்டுட்டேனுங்க."

அவர் கை ஓங்கியதைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் உன் கன்னத்தில் விழுந்த இரண்டு அடியையும் பார்த்தேன். "ரெண்டு பேஸ்ல ஓட்டி எரிச்சுப்போட்டு வந்து நிக்கறான். இனிமேலு ஸ்டார்டர்ல கை வெக்காதே, சொல்லிப்போட்டேன்," என்றார். நான் அவருக்குக் கொண்டுபோன தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. திறக்கவில்லை. அந்தச் சொம்பைக் கடைசியில் நானே குடித்தேன்.

இரண்டாம் நாள் உன் அப்பா மோட்டாரை ரீவைண்டிங் கடையில் போட்டுவிட்டு, லோடு வந்ததென்று கிளம்பிவிட்டார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க நான்தான் போனேன். கடைக்காரர் கூட்டைத் திறந்து காட்டினார்.

"பாருங்கக்கா, ஒரு வரிசை கரி, மத்ததெல்லாம் புதுசாட்ட இருக்குது. ஓடிட்டு இருக்கைல ஒரு பேஸ் போயிருக்குதுங்க."

"காத்தால போடறப்பவே ஒரு பேஸ் இல்லாம இருந்திருக்குமுங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது எனக்கு.

"இல்லாம இருந்தா எடுத்தே இருக்காதுங்க. உறுமிட்டு நின்னிருக்கும். கண்டன்சர் மாட்டியிருக்கறீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப போட்டவங்க மேல தப்பில்லீங்க. அது கெடக்கட்டும், ரிலே எதுக்குங்க தட்டலை?"

"ஆருக்குங்க தெரியும்," என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து கம்பி சுற்ற ஆரம்பித்துவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன். வீட்டுக்கு வந்தால் நீ கரும்புக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தாய். ஒன்றரை ஏக்கருக்குக் குடம். வேண்டாம் என்று சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மோட்டார் வருவதற்குள் பாதிக் கரும்பு காய்ந்துவிட்டது. அதற்கும் நீதான் காரணம் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய். ஆடி மாதம் நாக்பூர் போனபோதுகூட உன் அப்பா லாரியில் ஏறவில்லை, வேறு யாருடைய லாரியிலோ ஏறிப் போனாய்.

இந்த எட்டு வருஷத்தில் சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமலா போயிற்று? உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்ல வந்தேன், பந்தல்காரன் கூப்பிட்டான் என்று போய்விட்டேன். நீ பொங்கலுக்கு வரும்போதெல்லாம் மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு தள்ளி நடப்பதைப் பார்ப்பேன். ஒருதரம் மருமகள், "இவருக்குக் கரண்ட்டுன்னா ஆகாதுங்கத்தே, பீஸ் போனாக்கூட நாந்தான் போடறேன்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். உன் அப்பாவுக்குப் பயந்தேன் என்பது முதல் நாளுக்குத்தான் பொருந்தும். அப்புறம் நீ என்னை என்ன நினைப்பாய் என்று பயந்தேன். அப்புறம், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததைச் சொல்லப் பயந்தேன். அயர்ந்துவிட்டேன், சாமி. கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடந்ததில்கூட இவ்வளவு அயர்ச்சி இல்லை.

இன்று காலையில் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து கட்டிலில்தான் இருக்கிறார். உன் கடிதத்தை மறுபடி படித்துக் காட்டச் சொன்னார். படித்து முடித்துவிட்டு, குச்சியைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன், அடுப்பைச் சொன்னேன், கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தீன்னா உன்னையத்தான் அடிச்சிருப்பேன்."

"அதுக்குப் பயந்துட்டுத்தானுங்க சொல்லலை."

"ரெண்டு அடியில முடிஞ்சிருக்கும், புள்ளே. பையன் ஊட்லயே இருந்திருப்பான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சோறு போட்டபோது எழுந்து உட்கார்ந்து, "பத்து ஹெச்.பி.தான் வேணும்னா பத்தே வாங்கட்டும்னு எழுது. அவன் பிரியம்," என்றார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த வழியும் இல்லை. நான் நேராகவே கேட்கிறேன். நீ அடி வாங்கும்போது பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்கு என்னை மன்னித்துவிடு. முடியவில்லை என்றால் அதையும் வந்து என்னிடம் சொல்லு, கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பத்து வேண்டாம். அந்த மோட்டார் சின்னது என்பதால் எரியவில்லை, என்னால் எரிந்தது. கம்பி சுற்றி வந்த அதே மோட்டார் இந்த எட்டு வருஷமும் ஒரு குறையில்லாமல் ஓடியது. இப்போது பேரிங் தேய்ந்து கத்துகிறது, மாற்ற வேண்டிய காலம்தான். ஐந்து ஹெச்.பி. வாங்கு. போடுவதற்கு ஆள் வைக்காதே. பச்சைப் பொத்தானை நீதான் அழுத்த வேண்டும். நான் கிணற்று மேட்டில் தள்ளி நிற்கிறேன், பக்கத்தில் வரமாட்டேன்.

இன்னொன்று. ரீவைண்டிங் கடையிலிருந்து வந்த அன்றைக்கு அந்த எரியாத பல்பைக் கழற்றிச் சமையல்கட்டில் மாட்டிப் பார்த்தேன். பிறகு அதைக் காகிதத்தில் சுற்றிக் கொள்ளுப் பானைக்குள் வைத்தேன். உன்னிடம் காட்டவும் மனம் வரவில்லை, தூக்கி எறியவும் கை வரவில்லை. பானை எத்தனையோ தரம் காலியாகி நிறைந்துவிட்டது, அது அங்கேயேதான் இருக்கிறது. வந்ததும் எடுத்துத் தருகிறேன், நீயே மாட்டிப் பார். நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி, சாமி. பல்புதான் போயிருந்தது.

அம்மா